கையெழுத்தில்லாத புகார்

புகாரின் அடியில் கையெழுத்து இல்லை என்று பார்த்ததும்தான் இயக்குநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மொட்டைக் கடுதாசிம்மா இது. கிழிச்சுப் போடுங்க" என்றார் தலைமை எழுத்தரிடம்.

"நம்பர் போட்டாச்சு சார்."

"யாரு போடச் சொன்னா?"

"நீங்கதான் சார். வர்ற தாளுக்கெல்லாம் நம்பர் போட்டுட்டுத்தான் என் மேசைக்கு அனுப்பணும்னு போன வருஷம் அந்தச் சத்தம் போட்டீங்களே!"

கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கு இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் இயக்குநர். ஓய்வு பெற இன்னும் ஏழே வாரம். அந்த ஏழு வாரத்தையும் வம்பு தும்பு இல்லாமல் உருட்டிவிட்டுப் போய்ச் சேரலாம் என்று இருந்த மனுஷனுக்குத் திங்கட்கிழமை காலையிலேயே இப்படி ஒரு கடுதாசி.

புகார் மூன்றே வரி. தடகளப் பயிற்சியாளர், முட்டியில் அடிபட்ட மாணவியை வலியோடு ஓட வைக்கிறார். வெள்ளிக்கிழமைப் போட்டியிலும் ஓட வைக்கப் போகிறார். அன்றைக்கு ஓடினால் அப்புறம் அவள் ஆயுசுக்கும் ஓட முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண்ணை அவருக்குத் தெரியாமல் இல்லை. காலையில்கூட மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். "வணக்கம் சார்" என்று சிரிக்க வேறு செய்தாள். அவர் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பெருமூச்சு விட்டுக்கொண்டே பயிற்சியாளரைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவர் அதிகம் பேசாத ஆள். உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார்.

"இந்தாங்க கோச், படிச்சுப் பாருங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலைன்னு ஒரு விளக்கம் எழுதிக் குடுங்க. ஃபைலை மூடிடலாம்."

பயிற்சியாளர் பேனாவைக் கடன் வாங்கி, நின்றபடியே ஒரு வரி எழுதி நீட்டினார். ‘குற்றச்சாட்டு உண்மை. விசாரிக்க வேண்டுகிறேன்.’

"யோவ், என்னய்யா இது?"

"நடந்தது அதுதானே சார்."

"நடந்ததை யாரு கேட்டா? நான் விளக்கம்தானே கேட்டேன்!"

"பொய் எழுதிப் பழக்கமில்லீங்க சார்" என்று பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். போகிற போக்கில் அந்தத் தாளைத் தலைமை எழுத்தரிடம் காட்டி நம்பரும் வாங்கிக்கொண்டார், பாவி மனுஷன்.

இனி இதை எங்கே ஒளிப்பது? இயக்குநர் கல்லூரி முதல்வருக்குப் போன் போட்டார். அவர் தலையில் கட்டிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

"அவரே ஒத்துக்கிட்டாரா? அப்ப கமிட்டி போட்டே ஆகணுமே. விதி அப்படி" என்றார் முதல்வர்.

"நான் ரிட்டையராக ஏழு வாரம்தானே சார் இருக்கு..."

"அப்ப நாளைக்கே போட்டுடுங்க."

வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டார்: "தட்டையே பார்த்துக்கிட்டிருந்தா பசி ஆறிடுமா? என்னதாங்க ஆச்சு?"

சொன்னார்.

"அட, இதுக்கா இவ்வளவு? நீ ஓட வேண்டாம் கண்ணுன்னு அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிட்டா என்ன?"

"அதெப்படி? இப்ப சொன்னா, முன்னாடியே ஏன் சொல்லலைன்னு கேப்பாங்களே!"

"கேக்கட்டுமே."

இயக்குநர் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார்.

கமிட்டிக்கு ஆள் பொறுக்குவதில் அவர் காட்டிய அக்கறையை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூடக் காட்டவில்லை. எந்தக் கூட்டத்திலும் ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிடும் வேதியியல் பேராசிரியர் ஒருவர். கடைசியாகப் பேசியவர் சொல்வதுதான் சரி என்னும் நூலகர் ஒருவர். பதினோரு வருஷமாக எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காத கணிதப் பேராசிரியை தலைவி. மூன்றும் முத்து என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

அந்த அம்மாவிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை, அதனால்தான் அவர் பேசியதில்லை என்பது யாருக்குத் தெரியும்? செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் பதினாலு பேரை விசாரித்துவிட்டார். புதன்கிழமை சீட்டு வந்தது: இந்த வருஷத்துத் தாள் அத்தனையும் வேண்டும்.

தலைமை எழுத்தர் தயங்கினார். "எல்லாத்தையுமா சார்? அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க ஒருதரம் பார்த்துட்டீங்கன்னா..."

"எதுக்கும்மா? மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்! ஒண்ணு விடாம குடுங்க. தப்பு பண்ணினவன் மாட்டட்டும்."

எப்படியும் பழி பயிற்சியாளர் தலையில்தான் விடியப் போகிறது. நடவடிக்கை எடுத்த நல்ல பெயராவது நமக்கு மிஞ்சட்டும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். உள்ளே போனால், வேதியியல் பேராசிரியர் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தார்.

கணிதப் பேராசிரியை தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பயிற்சியாளர் எழுதிய கடிதங்கள், மொத்தம் ஒன்பது. மாணவிக்கு முட்டியில் காயம், ஓய்வு கொடுக்க அனுமதி வேண்டும், டாக்டர் சீட்டு இணைப்பு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ‘பார்த்தேன்’ என்று எழுதி இயக்குநரின் கையெழுத்து.

பத்தாவது தாள் இயக்குநரின் உத்தரவு. ‘மருத்துவச் சான்று இருந்தாலும் யாருக்கும் விலக்கு கிடையாது. மீறினால் பயிற்சியாளர் மீது நடவடிக்கை.’ படிக்காமல் போட்ட கையெழுத்து என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் கீழே, ‘கோப்பை நமக்கு வந்தே ஆக வேண்டும்’ என்று சிவப்பு மையில் அவரே எழுதிச் சேர்த்திருந்தார். எழுதியதே அவருக்கு மறந்து போயிருந்தது.

"அந்தப் பொண்ணு நாளைக்கு ஓடமாட்டா. சொல்லியாச்சு" என்றார் பேராசிரியை. "வலின்னு தெரிஞ்சும் ஓட வெச்சதுக்குக் கோச் ஒரு வருஷம் மைதானத்துப் பக்கம் வரக் கூடாதுன்னு எழுதியிருக்கோம். அவரும் சரின்னுட்டார். இனி நீங்கதான் சார் பாக்கி. ஏன் இப்படி ஒரு உத்தரவு போட்டீங்க?"

"அது வந்து..." என்றார் இயக்குநர். நூலகர் முதல் தடவையாக யாருக்கும் தலையாட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே நடைபாதையில் வந்து நின்றபோது அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. மாடிப்படியில் அந்தப் பெண் சிரித்த சிரிப்பு வேறு நெஞ்சை அறுத்தது. ஆனாலும் இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம் விடுமா? பின்னாலேயே ஃபைலோடு வந்த தலைமை எழுத்தரிடம் பொருமினார்.

"எனக்கு ஆகாத எவனோ பண்ணின வேலைம்மா இது. கோச் பாவம், நடுவுல மாட்டிக்கிட்டாரு. தைரியமிருந்தா நேரா என் மேலேயே எழுதியிருக்க வேண்டியதுதானே? யாரா இருக்கும்?"

"நம்பர் போடுங்கன்னு அந்தக் கடுதாசியை என் கையில குடுத்ததே கோச்தான் சார். உங்க மேல எழுதினா ‘பார்த்தேன்’னு போட்டு வெச்சிடுவீங்க, தன் மேலேயே எழுதி, தானே ஒத்துக்கிட்டா, நீங்க கமிட்டி போட்டுத்தானே ஆகணும்!"