ஆறு வார்த்தையும் ஒரு ஜன்னலும்

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று அகராதிக்காரர் காலை ஒன்பது மணிக்கு முடிவெடுத்தார். சும்மா மனசுக்குள் எடுத்த முடிவு இல்லை. பல் தேய்த்து, முகம் கழுவி, கண்ணாடியைப் பார்த்து இரண்டு தரம் வாய்விட்டுச் சொன்ன முடிவு. குழாயைத் திறந்துவிட்டுத்தான் சொன்னார். வெளியே கேட்டுத் தொலைக்கக் கூடாதே.

விஷயம் ஜன்னல். அந்த வீட்டில் வெளிச்சம் என்று சொல்லிக்கொள்ள முன்னறை ஜன்னல் ஒன்றுதான் உண்டு. அதன் கீழே மேஜை போட்டு, பதினோரு வருஷமாக ஆங்கில வார்த்தைகளுக்குத் தமிழில் அர்த்தம் எழுதுகிறார். 'ஏ' எழுத்தில் ஆரம்பித்தபோது எதிரே காலி மனை. இப்போது 'எஸ்'ஸுக்கு வந்துவிட்டார், எதிரே மூன்று மாடி வந்துவிட்டது. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பிடிபடாவிட்டால் தலையைத் தூக்கித் தெருவைப் பார்ப்பார். யாராவது ஒருத்தர் குடையை விரிப்பார், அல்லது நாய் ஒன்று தெருவைக் கடக்கும். அர்த்தம் வந்துவிடும். பாதி அகராதியை அந்த ஜன்னல்தான் எழுதியது என்று அவர் மனசார நம்பினார்.

அந்த ஜன்னலைத்தான் அவர் மனைவி கேட்டாள். அவள் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். ஊரே அவளை மிஸ் என்றுதான் கூப்பிடும், கட்டிக்கொண்டவர் உட்பட. அவள் காரில் அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தான்தான் ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். திங்கட்கிழமை முதல் சாலை விதி வகுப்பை வீட்டிலேயே நடத்தப்போகிறாள். எட்டுப் பேர், எட்டு நாற்காலி, ஒரு கரும்பலகை. அதனால் மேஜை பின்னாலே சாமான் அறைக்குப் போக வேண்டும், வாஷிங் மெஷின் பக்கத்தில்.

வாஷிங் மெஷின் பக்கத்தில்.

அன்றைக்கென்று வாய்த்த வேலையைப் பாருங்கள். 'எஸ்'ஸில் 'சரண்டர்' வந்திருந்தது. அதையும் சேர்த்து அடங்கிப்போவதற்கு ஆங்கிலத்தில் ஏழு வார்த்தை இருக்கிறது. நம் ஆட்கள் ஏழுக்கும் 'சரணடை' என்று ஒரே மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். எது எங்கே பொருந்தும் என்று ஒரே கட்டத்துக்குள் பிரித்துக் காட்டி நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். கூடவே ஒரு கட்டுப்பாடு. அந்த அகராதியில் கற்பனை உதாரணம் கூடாது. கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும்தான், ஓரத்தில் தேதி போட்டு. மற்றவர்கள் ஏமாற்றிவிடுவார்கள். இவர் மாட்டார். 'ஒழுகு' என்ற வார்த்தைக்காகக் குளியலறைக் குழாயை ஒரு மாசம் ரிப்பேர் செய்யாமல் வைத்திருந்தவர். தெருவில் அவரை அகராதி பிடித்தவர் என்று சொல்வது தொழிலை வைத்து மட்டும் இல்லை.

காலையில் அகராதியின் பதிப்பாசிரியர் போன் பண்ணியிருந்தார். "கட்டத்துல ஆறு வரிதான் இருக்கு. ஒரு வார்த்தையை அடிச்சிருங்க."

அவர் யோசிக்கவே இல்லை. 'ரிலென்ட்'டை அடித்தார். கை ஓங்கி நிற்பவர் மனசு இளகி இறங்கிவருவது என்று அர்த்தம். பதினாறு வருஷத் தாம்பத்தியத்தில் அதற்கு உதாரணம் ஒன்றுகூட அவர் கண்ணில் பட்டதில்லை.

பன்னிரண்டு மணிக்கு மிஸ் வந்தாள். கார் சாவியை ஆணியில் மாட்டினாள்.

"என்னங்க, மேஜையை எப்ப நகர்த்துறீங்க?"

"நகர்த்தப் போறதில்ல."

"சரி," என்றாள்.

அந்தச் 'சரி'யிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக் காலை ஆட்டினார்.

"இன்னிக்கு என்ன வார்த்தை?"

"விட்டுக்கொடுக்கிறது. ஆறு தினுசு. முதல்ல 'யீல்ட்'."

"அது எங்க போர்டாச்சே. தலைகீழ் முக்கோணம். எதிர்ல வர்றவனுக்கு வழி விடணும், அவன் போனதும் நம்ம பாட்டுக்கு நாம போகலாம். நமக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

அவர் அசந்துபோனார். காலையிலிருந்து தேடிய அர்த்தம் அது. "ஆனா உதாரணம் நடக்கணுமே," என்றார்.

"கரும்பலகை வாசல்ல நிக்குது. மேஜையை ரெண்டடி தள்ளினா உள்ள கொண்டுவந்துருவேன். வழிதானே, விடுங்க."

தள்ளினார். பலகை வந்தது. அவர் தேதி போட்டு எழுதி முடித்துத் தலையைத் தூக்கியபோது, பலகை ஜன்னலோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"அடுத்து?"

"'கன்சீட்'. வாதத்துல எதிராளி சொல்ற ஒண்ணை வேண்டாவெறுப்பா ஒத்துக்கிறது. இடம் போகாது, வாய் மட்டும் இறங்கும்."

"சாயந்திரம் இந்த ஜன்னல்ல வெயில் உங்க மூஞ்சியிலதானே அடிக்குது?"

"அடிக்குது, ஆனா..."

"தலைவலின்னு தைலம் தேய்க்கச் சொல்றது யாரு?"

"நான்தான்."

"எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். அருமையான உதாரணம், மறுப்பதற்கில்லை. மூன்றாவது 'சப்மிட்'. இன்னொருவர் தீர்ப்புக்குக் கட்டுப்படுவது. இதில் தனக்குத்தான் லாபம் என்று கணக்குப் போட்டு, ஆசிரியரையே நடுவராக வைத்துக்கொள்ளலாம் என்றார். மிஸ் தலையாட்டினாள். போனை ஸ்பீக்கரில் போட்டு, ஜன்னலின் அருமை பெருமைகளைப் பத்து நிமிஷம் விளக்கினார்.

மறுமுனையில் பெருமூச்சு. "யோவ், என் மேஜை எங்க இருக்கு தெரியுமா? பாத்திரம் கழுவுற தொட்டிக்குப் பக்கத்துல. நானே நனையாத இடம் பார்த்துத் திருத்திக்கிட்டிருக்கேன். அந்தம்மா சொல்றதைக் கேளும். நாலு மணி, மறந்துராதேயும்."

மேஜை சாமான் அறைக்குப் போயிற்று. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். இருந்தாலும் அகராதிக்காரர் மனசைத் தளரவிடவில்லை. மேஜைதானே போயிற்று, நான் போகவில்லையே என்று முன்னறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டார்.

"நாலாவது என்னங்க?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"'சக்கம்'. எதிரி அடிச்சு விழுறது இல்ல. சொந்தப் பலவீனத்துல தானா விழுறது."

"அப்படியா. இங்க கொஞ்சம் வந்து இதைப் பாருங்க."

சாமான் அறையில் ஒரு புது நாற்காலி இருந்தது. சுழலுகிறது, சாய்கிறது, முதுகுக்கு மெத்தை வைத்தது. இரண்டு வருஷமாகக் கடை வாசலில் அவர் நின்று நின்று பார்த்துவிட்டு வந்த அதே நாற்காலி. ஒரே ஒரு நிமிஷம், முதுகுக்குச் சரிவருகிறதா என்று பார்க்கத்தான் உட்கார்ந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. கண்ணைத் திறந்தபோது மணி மூன்றே கால்.

"எழுதிக்கோங்க," என்றாள் மிஸ்.

இப்போது அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அஞ்சாவது 'கபிச்சுலேட்'. இது கௌரவமானது. நிபந்தனை போட்டு, கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான் இறங்கிவர்றது. சும்மா இல்ல." நிபந்தனைகளை எழுதினார். அறையில் பெரிய பல்பு மாட்ட வேண்டும். விளக்குமாறை இங்கே சாத்தி வைக்கக் கூடாது. தலையாயது, அவர் வேலை செய்யும்போது வாஷிங் மெஷின் ஓடக் கூடாது. மிஸ் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. 'வேலை செய்யும்போது' என்பதன் கீழ் மட்டும் அழுத்தமாக ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். இவ்வளவு சுலபமாகச் சாதித்ததில் அவருக்கே ஆச்சரியம்.

மூன்று ஐம்பது. பாக்கி ஒன்று. 'சரண்டர்'. ஒன்றும் மிச்சம் வைக்காமல், உடைமையை எதிராளி கையில் ஒப்படைப்பது.

அவர் சட்டைப் பையைத் தடவினார். முன்னறைச் சாவி இருந்தது. ஓடினார்.

"இந்தா, சாவியை வாங்கிக்கோ."

"எதுக்குங்க? என்கிட்டதான் இன்னொண்ணு இருக்கே."

"அது வேற. இது ஒப்படைக்கிறது."

"வேண்டாங்க, பாவம். அது ஒண்ணாவது உங்ககிட்ட இருக்கட்டும்."

"அம்மா தாயே, எட்டு நிமிஷம்தான் இருக்கு. என் தொழிலே போயிரும். எப்படியாவது வாங்கிக்கோ."

"அப்புறம் நான் பிடுங்கிக்கிட்டேன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்ல மாட்டேன்."

"இவ்வளவு கெஞ்சுறீங்க," என்று மிஸ் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாமான் அறைக்கு ஓடி, மூன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினார். நாலே காலுக்கு ஆசிரியர் கூப்பிட்டார். பதினோரு வருஷத்தில் இப்படி உயிருள்ள உதாரணங்களைப் பார்த்ததில்லை என்றார். அகராதிக்காரர் பூரித்துப்போனார். போனைக் கீழே வைத்ததும் பழக்கத்தில் தெருவைப் பார்க்கத் தலையைத் தூக்கினார். எதிரே சுவர். அப்போதுதான் மிஸ் வந்து மெஷினைப் போட்டுவிட்டுப் போனாள், அது பக்கத்தில் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. வேலைதான் முடிந்துவிட்டதே.

அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

போன் மறுபடி அடித்தது. "யோவ், ஒரு வரி இடம் கிடைச்சிருக்கு. அந்த 'ரிலென்ட்'டையும் சேர்த்திரும். உதாரணம் உடனே வேணும்."

அகராதிக்காரர் துள்ளி எழுந்தார். தெய்வம் இருக்கிறது. மிஸ்ஸைக் கூப்பிட்டு, அவள் உள்ளே வந்து நின்றதும் நிதானமாக அர்த்தத்தைச் சொன்னார். கை ஓங்கி நிக்கிறவங்க, எதிராளி படுற பாட்டைப் பார்த்து, மனசு இளகி இறங்கிவர்றது. நடந்தாத்தான் எழுத முடியும். அவசரம். தொழில் விஷயம். பேச்சோடு பேச்சாக முன்னறைப் பக்கம் ஏக்கமாகக் கண்ணைக் காட்டினார்.

மிஸ் அவரைப் பார்த்தாள். முகம் உண்மையாகவே கனிந்தது. "இவ்வளவுதானா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று குனிந்து மெஷினை நிறுத்தினாள்.

அறை அமைதியானது. நடந்தது நடந்ததுதான். அவர் பொய் எழுதமாட்டார். தேதி போட்டு எழுதினார்.

"எழுதியாச்சா?"

"ஆச்சு."

மிஸ் மெஷினைப் போட்டாள்.