ஹார்வி வண்டியைப் பிரித்த கதை

கராஜ் கதவு மூடியிருந்தது. வண்டியின் எஞ்சின் அணைந்திருந்தது. ஆனாலும் ஹார்வி டெட்ராய்ட்டின் உட்வர்ட் சாலையில் பறந்துகொண்டிருந்தார். கண்ணை மூடி ஸ்டீயரிங்கைப் பிடித்தால் போதும், வேகத்துக்கென்றே செய்த, அறுபத்தொன்பதாம் வருஷத்து அந்தச் சிவப்பு மஸில் கார் அவருக்குள் புது எஞ்சினோடு உறுமும். முகத்தில் காற்றுகூட அடிக்கும்.

மனைவி மேவிஸ் ஜன்னலைத் தட்டினாள்.

"ஹார்வி, எந்த ஊர் வந்திருக்கு? இறங்கிச் சாப்பிட வா."

"கண்ணு, இதுக்குப் புது எஞ்சின் போடலாமானு பார்க்கறேன். இப்ப இருக்கற கிழட்டு எஞ்சினைப் பள்ளிக்கூட பஸ்கூட முந்திட்டுப் போகுது."

"போட்டா விலை ஏறுமா?"

"பாதியா இறங்கும். அசல் எஞ்சின் இருந்தாத்தான் பழைய வண்டி சேகரிக்கறவன் அள்ளிக் கொடுப்பான்."

"செலவு?"

"அது ஏறும்."

"அடப்பாவி! கைக்காசைப் போட்டு விலையைக் குறைக்கப் போறியா?"

"விக்கறதுக்கா வச்சிருக்கேன்? ஓட்டறதுக்கு!"

மேவிஸ் கொஞ்சம் யோசித்தாள். "சரி, போடு."

ஒரு மாதமாகத் தயாரித்திருந்த வாதமெல்லாம் வீணாய்ப் போனது. ஹார்விக்கு மயக்கமே வந்தது.

"பிரிக்கறதே பிரிக்கற, கிளட்சைத் தூக்கிட்டு ஆட்டோமேட்டிக் கியர் போட்டுடு. பாவம், உன் முட்டி. பவர் ஸ்டீயரிங்கும் போடு, தோள்பட்டைக்கு நல்லது. அப்படியே ஒரு ஏ.சி."

இத்தனை அக்கறையா! ஹார்விக்குக் கண் கலங்கிவிட்டது. ஏரியில் மீன் பிடிக்கும் படகை விற்றார். பனிக்காலம் முழுக்க வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தார்.

பக்கத்து வீட்டு க்ளெம் தலையில் அடித்துக்கொண்டான். "ஆட்டோமேட்டிக்கா? மிச்சமிருந்த மதிப்பும் போச்சு!"

"மேவிஸ் என் மேல வச்சிருக்கற மதிப்புக்கு முன்னாடி இதெல்லாம் எம்மாத்திரம், போடா!"

ஆகஸ்ட் வந்தது. பழைய கார்களெல்லாம் உட்வர்டில் ஊர்வலம் போகும் சனிக்கிழமை. ஹார்வி புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஓட்டுநர் இருக்கையில் மேவிஸ் இருந்தாள். பக்கத்தில் அவள் தங்கை, மடியில் ஐஸ் பெட்டி.

"நீயா ஓட்டப் போற?"

"முன்னாடி அந்தக் கிளட்சை மிதிக்க எனக்கு ரெண்டு காலும் பத்தாது. இப்போ வெண்ணெய் மாதிரி இருக்கு. ஓட்டறதுக்குத்தானே போட்டே?"

"அப்ப நான்?"

"மடக்கு நாற்காலி எடுத்துட்டுப் போய் ரோட்டோரமா நல்ல இடம் பிடி. கை காட்டறேன்."

அப்போதுதான் உறைத்தது. முப்பது வருஷமாக அந்த வண்டியை அவருக்கே அவருக்கென்று வைத்திருந்தது அந்தக் கல்லு மாதிரிக் கிளட்ச். காசு கொடுத்து அதைத் தூக்கி எறிந்தது அவரேதான்.

சாயங்கால வெயிலில் சிவப்பு வண்டி மிதந்து வந்தது. ஜனம் எழுந்து நின்று விசிலடித்தது. வயிறு எரிந்தாலும் ஹார்வியால் கண்ணை எடுக்க முடியவில்லை. அவ்வளவு அழகு.

பக்கத்து நாற்காலிக்காரர் அவர் தோளைத் தட்டினார். "என்னா வண்டிங்க! யாரோடதுனு தெரியுமா?"

"என் பெண்டாட்டியோடது" என்றார் ஹார்வி.