குளோன் என்றால் என்ன என்று நான் சொன்ன கதை

பிள்ளைகளே, அர்த்தம் தெரியாத ஒரு சொல்லைத் தெரிந்ததுபோல் சொல்வதில் தனிச் சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்துக்காக நான் ஒருமுறை பாதி நாற்றுமேடையைக் கெடுத்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கொட்டகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் புதிதாக நாற்றுமேடை போட்டிருந்தார்கள். அதுவரை தேயிலை என்றால் விதைபோட்டு முளைக்க வைப்பதுதான். இனிமேல் கிளையைத் துண்டாக்கி, ஓர் இலையோடு நட்டால் போதும், குளோன் வந்துவிடும் என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன் என்பதால், தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா என்னை மேடைக்குப் பொறுப்பாகப் போட்டார். குளோன் என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. (கேட்டால், தெரியாது என்பது தெரிந்துவிடுமே.) தோட்டத்தை நடத்தும் துரை அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சை நிமிர்த்துவார். ஆகவே அது உயர்ந்த ரகத் தேயிலையின் பெயர் என்று நானே முடிவு கட்டினேன்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தாய்ச்செடி. அதன் கிளைகளை ஈரச்சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவரும் வேலை எனக்கு. “சாக்கு காயக்கூடாது” என்று கண்டாக்கையா மூன்று தரம் சொல்லி அனுப்பினார்.

கினிகத்தேனையில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. சாக்கு பஸ்ஸின் கூரைமேல் வெயிலில். நான் தேத்தண்ணிக் கடையில்.

“மேல என்னா தம்பி, கீரையா?” என்று கடைக்கார நானா கேட்டார்.

இது போதாதா எனக்கு? “கீரையா? குளோன், நானா. தேயிலையில ராசா.”

“அப்ப ராசாவுக்கு வெயில் ஆகுமா?”

“ராசாவுக்கு என்னா வெயிலு” என்று சொல்லி இரண்டாவது தேத்தண்ணி கேட்டேன்.

வீடு வந்து அவிழ்த்தால் பாதி ராசா கறுத்துச் சுருண்டு கிடந்தார்.

வேலை போய்விடும் என்று பயந்தேன். ஆனால் மூளை வேலை செய்தது. (அதுதான் கேடு.) உயர்ந்த ரகம்தானே குளோன்? எங்கள் தோட்டத்தில் உயர்ந்த செடி இல்லையா? கவ்வாத்து வெட்டுக்குக் காத்து ஓங்கி நின்ற பழைய தேயிலை மலைக்குள் புகுந்து, பார்வைக்கு நல்லதாக இருபது செடிகளில் கிளை ஒடித்து, கறுத்தவற்றுக்குப் பதிலாகக் கட்டில் சேர்த்தேன்.

மறுநாள் துண்டுகளை நட்டவர்களில் காமாட்சியும் ஒருத்தி. (உங்கள் அம்மாதான். அப்போது அவளுக்கு என்மேல் மரியாதை கிடையாது.) இரண்டு இலைகளைத் தூக்கிக் காட்டினாள்.

“இது ஒரே செடின்னு சொன்னாங்க. ஏன் ஆளுக்கொரு மொகமா இருக்கு?”

“குளோன்னா அப்படித்தான் இருக்கும். ஒசந்த ரகம்.”

“ஓகோ. படிச்சவங்க சொன்னா சரி” என்று சொல்லிவிட்டு, உள்ளே சிரித்துக்கொண்டே நட்டாள்.

எட்டு மாதம் போயிற்று. ஒரு காலையில், மேடைக்கு நிழலாகப் போட்ட பந்தலைப் பிரித்தபோது கண்டாக்கையா மேடையின் தலைமாட்டில் வந்து நின்றார். நானும் அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன்.

ஒரு பக்கம் இருநூறு கன்றுகள். எல்லாவற்றிலும் ஒரே பச்சை. இலைகள் எல்லாம் ஒரே சாய்வில், ஒரே நுனியில் பனித்துளியைத் தாங்கிக்கொண்டு நின்றன. காற்று வந்ததும் ஒன்றுபோலச் சிலிர்த்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுபக்கம் என் கன்றுகள்: ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று வெளிறல், ஒன்று கரும்பச்சை. திருவிழாக் கூட்டம் மாதிரி.

கண்டாக்கையா பெண்கள் பக்கம் திரும்பினார். “நட்டது யாரு? வேற செடிய கலந்தது யாரு? காமாட்சி, இது ஓம் மேடைதானே? நாளையிலேருந்து நீ இந்தப் பக்கம் வரவேணாம்.”

காமாட்சி திரும்பி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

“நான்தாங்க” என்றேன். சாக்கு, வெயில், தேத்தண்ணி, பழைய மலை, எல்லாம் சொன்னேன்.

“குளோன்னா என்னான்னு நெனச்ச?”

“ஒசந்த ரகங்க.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “ரகம் இல்லடா. வெதையில வந்தா அது பிள்ளை, தாய் மாதிரியும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். இது பிள்ளையே இல்ல. அந்தத் தாய்ச்செடியேதான் இது. இங்க இருநூறு இடத்துல நிக்கிது.”

திட்டு வாங்கிக்கொண்டிருந்த நான் அதை மறந்து மேடையையே பார்த்தேன். மலைக்கு அந்தப்பக்கம் நிற்கிற செடி, அதே நேரத்தில் என் காலடியிலும் நிற்கிறது. அங்கே அது பட்டுப்போனாலும் இங்கே சாகாது. அதற்கு வயது என்ன? இன்றைக்கும் எனக்கு விடை தெரியாது, பிள்ளைகளே.

என் கன்றுகளை என் கையாலேயே பிடுங்க வைத்தார்கள். காமாட்சி மேடை வேலையிலேயே இருந்தாள். நான் மழைத்தண்ணி ஓடும் கான் வெட்டப் போனேன். ஆனாலும் வேலை விட்டதும் மேடைக்கு வந்து அந்த இருநூறையும் பார்த்துவிட்டுத்தான் லயத்து வீட்டுக்குப் போவேன்.

“கான் வெட்டுறவருக்கு இங்க என்னா வேல?” என்று ஒருநாள் காமாட்சி கேட்டாள்.

“செடி பாக்க வந்தேன்.”

“அப்ப செடிய மட்டும் பாருங்க” என்றாள்.

மறு வருஷம் கல்யாணம். அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் எதை விளக்கினாலும் உங்கள் அம்மா மறுத்துப் பேசுவதில்லை. கிரகணம் ஏன் பிடிக்கிறது என்று போன வாரம் சொன்னேனே, நீங்கள் நாலு பேரும் என்னை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தீர்கள். அவள் வழக்கம்போலத்தான் சொன்னாள்:

“அப்பா சொல்றாங்கல்ல. எட்டு மாசம் பொறுத்துப் பாப்போம்.”