ஏழு பெதரும் பஸ் ஓட்டின வாத்தும்

கலைங்கிறது மனுஷன் உள்ளத்துல தன்னால பொங்கி வர்றது. அதனால, பொங்குறதுக்கு மூணு நாள் முன்னாடியே விண்ணப்பம் போட்டுடணும். தெற்கு செர்பியாவுல ஒரு சின்ன ஊரோட பண்பாட்டு மன்ற விதிமுறையில, நாலாம் பக்கத்துல அப்படித்தான் இருந்துச்சு: "பெரியோருக்கான சுதந்திரக் கற்பனை வகுப்பில் சேர விழைவோர், தாம் கற்பனை செய்யவிருப்பது யாது என்பதை உரிய படிவத்தில் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்."

வகுப்பெடுக்க வந்தவ வூகிட்சா. ஓவியக் கல்லூரி முடிச்சிட்டு, ரெண்டு வருஷமா அத்தையோட ரொட்டிக் கடையில மாவு இழுத்து, கறி வச்ச புரெக் சுட்டு, தலைமுடியெல்லாம் எண்ணெய் வாடை. இன்னைக்கு முதல் நாள். நாலு மணிக்கு மன்ற இயக்குநர் வந்து பாப்பாரு. எல்லார் படமும் அவங்கவங்க படிவத்தோட ஒத்துப்போனா வேலை நிரந்தரம். ஒரு படம் பிசகினாலும் மறுபடி அடுப்படி.

உள்ள வந்ததும் ஜன்னலைத் திறந்தா. வகுப்புக்கு வந்திருந்த எட்டுப் பேரும் அலறினாங்க.

"மூடும்மா! குறுக்குக் காத்து அடிச்சா கழுத்து புடிச்சுக்கும்!"

மூடினா. பதிவேட்டைப் பிரிச்சா.

"பெதர் பெத்ரோவிச்?"

"இருக்கேன்"னாரு ஒரு மீசைக்காரர்.

"அடுத்து... பெதர் பெத்ரோவிச்?"

"இருக்கேன்"னுச்சு பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா.

மூணாவதும் பெதர். நாலாவதும் பெதர். ஆக மொத்தம் ஏழு பெதர். ஏழு பேருக்கும் ஒரே பொறந்த தேதி. ஏழு பேரோட கற்பனையும் ஒண்ணுதான்: "பூச்சாடி. அதில் சிவப்புத் துலிப் மலர்கள் மூன்று."

"ஏம்மா, உங்க பேரு நெஜமாவே பெதரா?"

"எம் பேரு க்ருனா"ன்னுச்சு பச்சை ஸ்வெட்டர். "நாப்பது வருஷம் நகராட்சி ஆபீஸ்ல குப்பை கொட்டினவ நான். எனக்கே படிவம் எழுதச் சொல்லித்தர்றியா? அந்தா, செவுத்துல பெதர் பெத்ரோவிச்னு பேரு போட்டு மாதிரிப் படிவம் ஒட்டியிருக்கு பாரு. அதுல உள்ளபடி எழுதினா என்னைக்கும் திரும்பி வராது. எத்தனை படிவத்தை இந்தக் கையால திருப்பி அனுப்பியிருக்கேன்! சொந்தப் பேரை எழுதினவன் ஒருத்தன்கூடத் தப்பிச்சதில்ல."

மத்த ஆறு பெதரும் தலையாட்டினாங்க. எல்லாருமே ஓய்வுபெற்ற குமாஸ்தாங்க.

எட்டாவது ஆளு ஸ்தமென்கா. இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினவ. சொந்தப் பேரு, சொந்தத் தேதி. கற்பனைக் கட்டத்துல மட்டும், "இன்னும் தெரியாது"ன்னு எழுதியிருந்தா.

ஏழு பேரும் ஸ்கேல் வச்சு சாடி வரைஞ்சாங்க. ஸ்தமென்கா கரித்துண்டை எடுத்து, ஒரு வாத்து பஸ் ஓட்டுற மாதிரி வரைஞ்சா. உள்ள பயணிங்க ஏழு பேரு, கழுத்துக்கு மேல தலைக்குப் பதிலா பூச்சாடி. வாத்து முகத்துல அப்படி ஒரு சலிப்பு. வூகிட்சா வயித்தைப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சா. ரெண்டு வருஷத்துல முதல் சிரிப்பு.

"அக்கா, இதாங்க்கா படம்!"

நாலு மணி. இயக்குநர் மிலுதின் முத்திரையோட வந்தாரு. ஒவ்வொரு சாடியா எண்ணினாரு. மீசைக்காரர் சாடிகிட்ட நின்னுட்டாரு.

"நாலு பூ இருக்கே. நாலாவதுக்கு ஒப்புதல் இருக்கா?"

"கை தவறிடுச்சு சார்." ரப்பர் வந்துச்சு. நாலாவது பூ போச்சு. முத்திரை விழுந்துச்சு.

அடுத்து வாத்து.

"இது என்ன?"

"வாத்து சார்."

"படிவத்துல 'இன்னும் தெரியாது'ன்னு இருக்கு. அப்ப அதைத்தானே வரைஞ்சிருக்கணும்? இது வாத்துன்னு நல்லாத் தெரியுதே!"

வூகிட்சாவுக்குச் சுள்ளுன்னு ஏறுச்சு. "சார், இந்த ரூம்ல கற்பனைன்னு ஒண்ணு நடந்ததே அந்த ஒரு தாள்லதான்!"

"அதான்மா குத்தமே. ஒப்புதல் இல்லாம நடந்திருக்கு." வேலை ஒப்பந்தத்தை மேசையில வச்சு, மெதுவா நீவி விட்டாரு. "எட்டுல ஒண்ணு பிசகு. ஆனா ஏழு பேரு மட்டும்தான் சேர்ந்திருந்தாங்கன்னா, ஏழுக்கு ஏழு. பதிவேடு உங்க கையிலதான் இருக்கு."

வூகிட்சா மூக்குல எண்ணெய் வாடை அடிச்சுச்சு. ஸ்தமென்காவைப் பாக்காம, ஸ்கேல் வச்சு, அந்தப் பேரை நேரா ஒரு கோடு போட்டு அடிச்சா.

"கோடு நல்லா வருது பாப்பா"ன்னா ஸ்தமென்கா. வாத்தைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கெளம்பிட்டா.

வூகிட்சா ஒப்பந்தத்தை இழுத்தா. "பெயர்"னு ஒரு கட்டம். பேனா நின்னுச்சு. இது திரும்பி வந்துட்டா? அவ கண்ணு தன்னால செவுத்துக்குப் போச்சு. யாரும் சொல்லல. அவளே எழுதினா.

இயக்குநர் படிக்காமலே முத்திரை குத்தினாரு. "நல்வரவு, பெதர்!"

வருஷக் கடைசியில, தலைநகர்லேருந்து அமைச்சர் வந்து, தலைசிறந்த கலைச் சேவைக்கான விருதை அறிவிச்சாரு: "பெதர் பெத்ரோவிச்!"

அரங்கமே எந்திரிச்சு நின்னுச்சு. கைதட்ட இல்ல, வாங்கிக்க. இயக்குநர் முந்தினாரு, வூகிட்சா முட்டினா, மேடையில அமைச்சரே விருதைத் தன் பக்கமா இழுத்துக்கிட்டாரு.

உக்காந்திருந்தது ஸ்தமென்கா மட்டும்தான். யாராவது ஒருத்தர் கைதட்டணும்ல.