எல்லா வண்டியும் பாஸாம்!

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் அத்தான் எழுதிக்கொண்டது. நலமா என்று கேட்கப்போவதில்லை. இவ்வளவு வம்பும் நலத்தைப் பற்றிய ஒரு விண்ணப்பத்தால் வந்தது, அதை அனுப்பி வைத்த புண்ணியவான் நீங்கள்.

"சட்டம் மாறிடுச்சு அத்தான், அறுபது தாண்டினவங்களையும் சர்க்கரை இருக்கறவங்களையும் இன்சூரன்ஸ்ல சேர்த்துக்கணுமாம். அக்கா முழங்கால் ஆபரேஷனுக்கு இதை விட்டா வழியில்ல" என்று போனில் சொன்னீர்கள். உங்கள் அக்காவின் இடது முழங்காலுக்காக மூன்று கம்பெனி ஏறி இறங்கி, மூன்றிலும் கையை விரித்துவிட்டார்கள் என்பதால் நானும் தலையாட்டினேன். நீங்கள் அனுப்பிய விண்ணப்பத்தில் 'தற்போதுள்ள குறைபாடுகள்' என்று ஒரு முழுப் பக்கம் இருந்தது. முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் வண்டிகளைப் பரிசோதித்து ரோட்டுக்கு அனுப்பியவன் நான், குறைபாடு எழுத எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். இடது முழங்கால்: மேட்டில் ஏறும்போது சத்தம், உடனே மாற்றவும். கண்கள்: முன்விளக்கு மங்கல். சர்க்கரை: அளவு மீறல். ஹாரன்: தேவைக்கு அதிகம். கடைசி வரியைத்தான் உங்கள் அக்கா முதலில் படித்தாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சுவார்த்தை கிடையாது.

சரி, அந்தக் கோபத்தையும் தாங்கிக்கிட்டு ஆபீசுக்குக் கொண்டுபோய் நீட்டினா, கவுன்டர்ல இருந்த பொண்ணு நான் எழுதின பக்கத்தை மட்டும் சர்ருனு கிழிச்சுக் குப்பைத் தொட்டியில போட்டுது. "இந்தப் பக்கம் மட்டும் பழசு ஐயா, இப்ப வேண்டாம். இப்ப என்ன வியாதி இருந்தாலும் சேர்த்துக்கணும், அதனால கேக்கறதே இல்ல."

"பரிசோதிக்காமலேயே பாஸா?"

"பாஸ்தான். ஆனா வீட்ல இருக்கற எல்லாரும் சேரணும். எல்லாருக்கும் ஒரே கட்டணம்."

"எனக்கு ஒரு நோயும் இல்லையேம்மா, நான் எதுக்குக் கட்டணும்?"

"உங்கள மாதிரி நல்லா இருக்கறவங்க கட்டினாத்தானே ஐயா, உங்க வீட்டம்மா மாதிரி இருக்கறவங்களுக்குக் கட்டுப்படியாகும்!"

மச்சான், என் சர்வீஸ்ல பிரேக் பிடிக்காத வண்டிக்கும் புது வண்டிக்கும் ஒரே முத்திரை குத்தினதில்ல. மேனேஜரே வந்து கெஞ்சினப்பகூட ஒரு ஓட்டை வண்டியை வெளியே விட்டதில்ல. எல்லா வண்டியும் பாஸ்னா பரிசோதகன் எதுக்கு, நான் இத்தனை வருஷம் எண்ணெயும் கரியுமா வண்டிக்கு அடியில கிடந்தது எதுக்கு? இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள மீதி ஃபாரம் என் கையெழுத்தோட போகலைன்னா இனி அடுத்த வருஷம்தானாம். போகட்டும்! நான் எழுதினதைப் படிக்காத ஆபீசுக்கு என் கையெழுத்து கிடையாது. நீங்க நேர்ல வந்து காலைப் பிடிச்சாலும் சரி, நான் அசைய மாட்டேன்.

உங்கள் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தைகள் எந்தக் கவுன்டர் வாசலிலும் நிற்காமல் நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
யாருக்கும் வளையாத
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட இறங்கினால், உங்கள் அக்கா மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் அந்த ஃபாரம். தானே ஆபீசுக்குப் போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினாளாம். கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை, அரை மணி நேரமாக. "கூப்பிட வேண்டியதுதானே?" என்றேன். "ஏதோ முக்கியமா எழுதிட்டிருந்தீங்க. முடியட்டும்னு இருந்தேன்" என்றாள். மச்சான், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வேறு தாள் எடுக்க இவளை விட்டுப் போக மனசில்லை, அதனால் மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். மணி நாலேகால். டாக்ஸி வந்துவிட்டது, டிரைவரும் நானுமாக இவளைத் தாங்கி இறக்க வேண்டும். கையெழுத்துப் போட்டாச்சு. ஃபாரத்தை வைத்து எழுத இடமில்லை, இவள் முழங்காலில் வைத்துத்தான் போட்டேன்.