குடோன் ரிப்போர்ட்டும் பெரிய மெமரியும்

"என் பேரு எதுக்குப்பா குடோன் ஸ்டாக்ல வருது?"

கேட்டது மேனேஜர். 'புதுசு' பேப்பரை வாங்கிப் பார்த்தான். வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து ஆபீஸ்ல அவனுக்கு அதான் பேரு. ஆணிக்கும் தார்ப்பாய்க்கும் நடுவுல மேனேஜர் பேரு. பக்கத்துல, 'துருப்பிடித்தது, கழிக்கலாம்.'

"மெமரி பெருசாயிடுச்சு சார், அதான்."

"எனக்கா?"

"மெஷினுக்கு சார்."

விஷயம் இதுதான். ஆபீஸோட பெரிய கம்ப்யூட்டரான மெயின்ஃப்ரேம்ல ஓடற ஆதிகாலத்து புரோகிராமை பெரிய மெமரிக்கு மாத்தறதுக்கு முன்னாடி புதுசு டெஸ்ட் பண்ணணும். மெமரி சின்னதா இருந்தப்போ, எந்த விவரம் மெமரில எங்க இருக்குங்கற அட்ரஸை எழுதற இடத்துல ஓரமா கொஞ்சம் காலியா கிடந்துச்சு. சும்மாதானே கிடக்குன்னு எந்தப் புண்ணியவானோ அதுல ஒரு குறிப்பை சொருகி வெச்சுட்டாரு. பெரிய மெமரில அந்த ஓரமும் அட்ரஸோட சேர்த்தி. அதனால புரோகிராம் குடோனுக்குன்னு கிளம்பி, சம்பளப் பட்டியல் வீட்டுக் கதவைத் தட்டிட்டு வருது.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. குடோன் கிளார்க் ரிப்போர்ட்டைப் பார்த்து சோதனை சான்றிதழ்ல கையெழுத்து போட்டாதான் உன் வேலை நிரந்தரம்."

வேலை நிரந்தரமாகாம வீட்டுப் பக்கம் போக முடியாது. அங்க மாமனார் வந்து உக்காந்திருக்காரு. மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல அப்படி என்னதான் பண்றாருன்னு காலையிலேர்ந்து பொண்ணை நோண்டிட்டிருக்காரு.

புதுசு அந்தக் குறிப்பைத் துடைச்சான். மேனேஜர் பேரு போயிடுச்சு. கூடவே ஸ்டாக் மொத்தமும் மைனஸ்ல போயிடுச்சு. சரக்கு வந்ததா, போனதான்னு சொல்லிட்டிருந்ததே அந்தக் குறிப்புதானாம்.

சரி, மைனஸ் வந்தா அந்த வரியை விட்டுடுன்னு எழுதினான். புரோகிராம் சொன்ன பேச்சு கேட்டுச்சு. ஒண்ணு பாக்கியில்லாம எல்லா வரியையும் விட்டுடுச்சு. பிரிண்டர் ஒரு கட்டு வெள்ளைத்தாளை வெளியே தள்ளிச்சு.

பழையபடியே மாத்திடலாம்னு தேடினான். பழசு மேலயேதான் சேவ் பண்ணி வெச்சிருந்தான்.

போன் அடிச்சுது. மனைவி. "என்னங்க, நிரந்தரமாயிடுச்சான்னு அப்பா கேக்கறாரு."

"ஒண்ணு நிரந்தரமா போயிடுச்சு. வந்து சொல்றேன்."

அதுக்குள்ள மேனேஜர் அந்தத் தாள் கட்டை என்னன்னு பார்க்காமலே தூக்கிட்டு குடோனுக்கு முன்னாடி நடந்துட்டாரு. புதுசு பின்னாடியே போனான்.

குடோன் கிளார்க் அக்கா முதல் தாளைப் பார்த்தாங்க. திருப்பிப் பார்த்தாங்க. நடுவுலேர்ந்து ஒண்ணை உருவி, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாங்க. அப்புறம் பேனாவை எடுத்து, சோதனை சான்றிதழ்ல நிதானமா கையெழுத்து போட்டாங்க.

மேனேஜருக்கு ஒண்ணும் புரியல. "ஏம்மா, ரிப்போர்ட் சரியாவா இருக்கு?"

"ரொம்ப சௌகரியம் சார். இத்தனை வருஷமா ரிப்போர்ட் தாளோட பின்பக்கத்துல மட்டும்தானே நான் கணக்கு எழுத முடிஞ்சுது."