பச்சைத் தாளில் என் கையெழுத்து

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. நலம், நலமறிய அவா என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதில் முதல் சொல்லை உறுதிசெய்துகொள்ளவே நானும் உன் கணவரும் ஐந்து வாரமாக, வாரத்துக்கு மூன்று நாள், ஓர் இடத்துக்குப் போய்வருகிறோம். எனவே அதை நிலுவையில் வைக்கிறேன். நலமறிய அவா என்பது மட்டும் இப்போதைக்கு உண்மை.

"அவர் குடியை விட்டாரா, நான் வரலாமா, ஒரே வார்த்தையில் எழுது" என்று கேட்டிருக்கிறாய். முப்பத்தொரு வருடம் பதிவறையில் உட்கார்ந்தவனிடம் ஒரே வார்த்தை கேட்டது உன் பிழை. ஐந்து மாதத்துக்கு முன் கோபித்துக்கொண்டு போனபோது குக்கரை விட்டுவிட்டு அதன் மூடியை மட்டும் எடுத்துப் போனவள் நீ. அடியோடு போகிறவர்கள் அப்படிப் பிரித்து எடுத்துப் போகமாட்டார்கள் என்று நான் அன்றே மனதில் குறித்துக்கொண்டேன். ஆகையால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். பரிந்துரை கடைசியில் இருக்கிறது. முதலில் அதைப் படிக்காதே.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் படுத்து எழுந்து வந்தது உனக்குத் தெரியும். இனிமேல்தான் வேலையே என்று அங்கே சொல்லி, நம் தெருக்கோடியில் நூலகத்துக்கு மேலே இருக்கும் சமூக நல மையத்துக்கு அனுப்பினார்கள். தங்க வேண்டாம், போய்வந்தால் போதும். லிஃப்ட் ஓடவில்லை, மூன்று மாடி ஏறினோம். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, ஒவ்வொரு மாடியிலும் நின்று அதன் கதவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே வந்தார். மேலே நர்ஸம்மா, "தினமும் மூணு மணி நேரம் வர்றது இருக்கு, வாரம் மூணு நாள் ரெண்டு ரெண்டு மணி நேரம் இருக்கு, வாரம் ஒரு நாள் தனியா உக்காந்து பேசறது இருக்கு, வீட்டுக்காரங்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு, மாத்திரை வேணுமான்னு டாக்டர் பார்த்துச் சொல்வார், எது சௌகரியம்?" என்று சாப்பாட்டுக் கடையில் ஒப்பிப்பது போல ஒப்பித்தார். எதிலும் நடுவில் இருப்பதை எடுப்பவன் நான். எடுத்தேன்.

பிறகு இரண்டு படிவம் வந்தது. பச்சைத் தாள் வைத்தியத்துக்கு வந்தவருக்கு, மஞ்சள் தாள் துணைக்கு வந்தவருக்கு. என் எதிரில் இன்னொருவர் படிவம் நிரப்புவதை நான் சகித்ததில்லை. இரண்டையும் வாங்கிக்கொண்டேன். பெயர் என்ற கட்டத்தைக் கண்டால் என் கை தானாக என் பெயரை எழுதும், கோட்டைக் கண்டால் கையெழுத்துப் போடும். மேலே இருந்தது பச்சை. மிச்சமிருந்த மஞ்சளில் மாப்பிள்ளை கையெழுத்திட்டார். அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில், பரீட்சைக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நானோ கண் ஆபரேஷன் ஆகி எட்டு நாள், கண் இரண்டும் கோவைப்பழம், வயதுக்குரிய கை நடுக்கம், மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாருக்கு வைத்தியம் என்று நர்ஸம்மா கேட்கவே இல்லை.

ஆலோசகர் சின்ன வயதுப் பெண், தங்கமான குரல். "எத்தனை வருஷமாக் குடிக்கிறீங்க ஐயா?" என்றார். குடிப்பதில்லை என்றேன். எழுதிக்கொண்டார். தலைகீழாகப் படிப்பது பதிவறைக்காரனுக்குக் கைவந்த கலை: 'மறுக்கிறார்.' குடிப்பவர் இவர் என்று மாப்பிள்ளையைக் காட்டினேன். 'பழியை உறவினர் மேல் போடுகிறார்.' குரலை உயர்த்தினேன். 'கோபம்.' வாயை மூடிக்கொண்டேன். 'ஒத்துழைப்பு இல்லை.' "நீங்களாவது சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் என் தோளைத் தொட்டு, "சொல்லிடுங்க மச்சான், மனசு லேசாகும்" என்றார்.

படியிறங்கும்போது மாப்பிள்ளையைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவர் இரண்டாவது மாடியில் நின்றார். "ஒரே ஒரு வாரம் இப்படியே இருக்கட்டும் மச்சான். என்னை ஒரு ஆளா நினைச்சு, இவரை நீங்கதான் பாத்துக்கணும்னு அந்தப் பொண்ணு எங்கிட்ட சொல்லுச்சு. அப்படி யாரும் சொல்லி எத்தனை வருஷமாச்சு" என்றார். தங்கையே, முப்பத்தொரு வருடத்தில் ஒரு தவறான பதிவைக்கூட நான் விட்டுவைத்ததில்லை. இதை விட்டுவைத்தேன். ஒரு வாரம் என்றது ஐந்து வாரமானது.

அந்த ஐந்து வாரமும் வட்டமாகப் போட்ட நாற்காலியில் நான் பட்ட பாடு. அங்கே ஒரு வெல்டர், ஒரு பல் டாக்டர், பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஒரு அம்மா. எல்லாரும் மனசைக் கொட்டுகிறார்கள். நான் மட்டும் எனக்கு ஒன்றும் இல்லை என்கிறேன். பார்லரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லாதவருதான் வாரம் மூணு நாள் மூணு மாடி ஏறி வர்றீங்களாக்கும்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருமலே இல்லாமல் ஒன்பது வருஷமா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு மூடி இருமல் மருந்து குடிக்கிறேன், குடிச்சாத்தான் கண் சொக்கும் என்று போட்டு உடைத்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். ஓய்வுபெற்ற அன்றுகூட எனக்கு அத்தனை கைத்தட்டல் இல்லை. வெல்டர் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, "கை பரபரன்னா கூப்பிடுங்க பெரியவரே" என்றார். பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தேன். மத்தியானம் தூக்கம் வராமல் நான் சிடுசிடுவென்று உட்கார்ந்திருக்க, உன் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து லிஃப்ட் கதையாகச் சொல்லிப் பொழுதை ஓட்டினார். பாதி வழியில் நின்ற லிஃப்டில் மாட்டியவர்களிடம் முதலில் பேச்சுதான் கொடுக்க வேண்டுமாம், கதவை அப்புறம்தான் திறக்க வேண்டுமாம்.

அவர் குடித்தாரா என்று கேட்பாய். துணைக்கு வருபவரும் வாசலில் குடிவாடை காட்டும் கருவியின் குழாயில் ஊத வேண்டும் என்பது அங்கே விதி. பதினைந்து தடவை ஊதினார். பதினைந்தும் பூஜ்யம், நானே எட்டிப் பார்த்தேன். அது போக, துணைக்கு வந்தவர் ஒரு நோட்டில் தினம் ஒரு வரி எழுத வேண்டும், தான் கூட்டிவந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று. போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையிடம் அதைப் படிக்கச் சொன்னார்கள். "சாயந்தரம் அஞ்சரை மணிதான் ரொம்பக் கஷ்டம். நடக்கக் கூட்டிப் போனேன், கடை இல்லாத தெருவா." இது ஒரு வரி. என் முழங்காலுக்காக நடக்க வைக்கிறார் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "இன்னைக்குக் கல்யாண நாள். பேசாமலே இருந்தார். நான் ஒண்ணும் கேக்கலை." இது இன்னொன்று. எனக்கு அன்றைக்குக் கல்யாண நாள் இல்லை. உனக்குத்தான்.

படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "இதுல இருக்கிறது மச்சான் இல்லை. நான்தான்" என்றார். யாரும் கை தட்டவில்லை. பார்லரம்மா தன் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். மாப்பிள்ளை போய் அதில் உட்கார்ந்தார்.

இப்போது பரிந்துரை. ஆலோசகர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் படிவத்திடம் கேட்டேன். நாளை, திங்கட்கிழமை, புதுப் படிவம், அன்றிலிருந்து பதினாறு வாரம். குடிக்காமல் இருந்த ஐந்து வாரம் ஐந்து வாரம்தான். நடுவில் வழுக்கினாலும் வழுக்கும், வழுக்கினால் மறுநாளே படியேறி வர வேண்டும் என்று அந்தப் பெண்ணே சொல்கிறாள். ஆகவே அண்ணன் என்ற முறையிலும், பதிவறைக்காரன் என்ற முறையிலும், நீ இப்போது வர வேண்டாம் என்றே சொல்வேன். பதினாறு வாரம் முடியட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீ எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசி.

இப்படிக்கு,
இருமல் இல்லாத உன் அண்ணன்

பின்குறிப்பு: நேற்று எழுதி முடித்ததைத் தபாலில் சேர்க்கும் முன் இன்று மையத்துக்குப் போய்வந்துவிட்டோம். பச்சைத் தாளை மாப்பிள்ளையே நிரப்பினார். நான் பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். மஞ்சள் தாள் என்னிடம் வந்தது. ஆனால் நான் துணையாக இருக்க முடியாதாம், என் கோப்பு இன்னும் மூடப்படவில்லையாம், இருமல் மருந்துக்குப் பதினோரு வாரம் பாக்கி இருக்கிறதாம். துணைக்கு வருபவர் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது. என் கை, பழக்கத்துக்கு மாறாக, உன் பெயரை எழுதியது. உறவுமுறை: மனைவி. மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார், ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அடித்தல் திருத்தல் ஏற்கப்படாது என்று தாளின் அடியிலேயே அச்சிட்டிருக்கிறது. மையில் எழுதிவிட்டேன், இனி நான் என்ன செய்ய முடியும்? கையெழுத்துக் கோடு மட்டும் காலியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. மூன்று மாடி ஏற வேண்டுமே என்று யோசிக்காதே, லிஃப்ட் இன்றிலிருந்து ஓடுகிறது. யார் சரிசெய்தது என்று வந்து நீயே கேட்டுக்கொள். குக்கர் மூடியை மறந்துவிடாதே.